மேலாளர் கையெழுத்திட்டால் பொறுப்பு முழுவதும் அவருடையதா?

நீங்கள் எழுதியிருப்பதை நான் புரிந்துகொண்ட வகையில் முதலில் சொல்லிவிடுகிறேன். அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டும் ஒரு தனியார் ஒப்பந்த நிறுவனத்தில் இளநிலைத் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருக்கிறீர்கள். சில மாதங்களாகப் பல நாள்களில் கான்கிரீட்டுக்குக் கியூப், அதாவது வலிமையைச் சோதித்துப் பார்க்க வார்த்து உடைக்கும் மாதிரிக் கட்டி, எடுக்கப்படவே இல்லை. ஆனாலும் 7 நாள் வலிமை, 28 நாள் வலிமை என்று பதிவேட்டில் எண்களை நிரப்பச் சொல்கிறார்கள். நிரப்புவது நீங்கள், கீழே கையெழுத்திடுவது மேலாளர். ‘கையெழுத்து என்னுடையது, பொறுப்பும் என்னுடையது, நீ கவலைப்படாதே’ என்று அவர் சொல்கிறார். கல்விக் கடன் இருப்பதால் வேலையை இழக்க உங்களால் முடியாது. எனக்கும் இதில் பொறுப்பு உண்டா, உண்டென்றால் நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள். இதற்குள் வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மேலே இருப்பவர் ‘நான் ஏற்றுக்கொள்கிறேன்’ என்று சொல்லிவிட்டால், கீழே இருப்பவர் அறிந்ததும் செய்ததும் அவரைவிட்டு நீங்கிவிடுமா என்பதே அது. நீங்காது என்பது என் பதில். ஆனால் உங்கள்மேல் விழும் பொறுப்பு, நீங்கள் அஞ்சுகிற அளவுக்குப் பெரியதும் அன்று, மேலாளர் சொல்கிற அளவுக்குச் சிறியதும் அன்று. அதைச் சரியாக அளந்துகொண்டால்தான் என்ன செய்வது என்பது விளங்கும்.

நான் கட்டமைப்புப் பொறியாளன். தொடக்கத்தில் சைட்டில் தரக்கட்டுப்பாட்டிலும், பின்னர் நெடுங்காலமாக, கட்டி முடிந்த கட்டடங்களின் உறுதியை ஆய்வு செய்யும் பணியிலும் இருந்துவருகிறேன். கான்கிரீட்டைப் பற்றி நான் சொல்வதை நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம். சட்டத்தைப் பற்றிச் சொல்வது ஒரு பொறியாளர் தம் தொழிலுக்காகத் தெரிந்துவைத்திருப்பது மட்டுமே. எந்த அடி எடுத்து வைப்பதற்கு முன்னும் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குவோம். ஒரு நாளில் இடப்படும் கான்கிரீட்டின் அளவைப் பொறுத்து எத்தனை மாதிரிகள் எடுக்க வேண்டும் என்பதைக் கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூலான ஐ.எஸ். 456 வரையறுத்திருக்கிறது. 5 கன மீட்டர் வரை ஒன்று, 15 வரை இரண்டு, 30 வரை மூன்று, 50 வரை நான்கு, அதற்கு மேல் ஒவ்வொரு 50 கன மீட்டருக்கும் கூடுதலாக ஒன்று. ஒரு மாதிரியின் முடிவு என்பது 150 மில்லிமீட்டர் கியூப்கள் மூன்றின் சராசரி. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கியூப் எடுக்காததால் கான்கிரீட் வலுவிழந்துவிடுவதில்லை. கலவை சரியாக இருந்து, இறுக்குவதும் ஈரமாக வைத்துப் பதப்படுத்துவதும் ஒழுங்காக நடந்திருந்தால், எம்25 (சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் வலிமை) என்று வரைபடத்தில் போட்டிருக்கும் தளம் எம்25 ஆகவே இருக்கக்கூடும். வடிவமைப்பில் நாங்கள் கான்கிரீட்டின் வலிமையை 1.5-ஆல் வகுத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறோம். ஆகவே உங்கள் கட்டடம் இடியும் என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது. அந்தத் தளங்களின் வலிமை எவருக்கும் தெரியாது என்பதும், தெரியும் என்று எழுதிவைத்திருக்கும் தாள் பொய் என்பதும் மட்டுமே உறுதி. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் பேச வேண்டி வரும்போது உங்களைக் காப்பாற்றப்போவது இந்தப் பிரிவினைதான்.

இன்னொன்றும் உறுதி. இட்டுக்கட்டிய பதிவேடு வெகுகாலம் மறைந்திருப்பதில்லை. உண்மையான கியூப் முடிவுகள் சிதறிக் கிடக்கும். எம்20, எம்25 கான்கிரீட்டுக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 4 நியூட்டன் அளவுக்குத் திட்ட விலக்கம், அதாவது சராசரியைச் சுற்றிய சிதறல், இருக்கும் என்று வைத்துக்கொள்ளும்படிதான் விதிநூலே சொல்கிறது. கையால் நிரப்பப்பட்ட பதிவேட்டிலோ எண்கள் 31, 31.5, 32 என்று வரிசையாக நிற்கும். மனித மனம் சிதறலை இட்டுக்கட்டத் தெரியாதது. பழைய கட்டடங்களை ஆய்வு செய்யும்போது பதிவேட்டைப் புரட்டிய சில நிமிடங்களிலேயே இது தெரிந்துவிடும். கான்கிரீட் இடாத மழை நாளில் கியூப் வார்த்ததாக எழுதியிருப்பது, ஆய்வகம் மூடியிருந்த நாளில் உடைத்ததாக எழுதியிருப்பது போன்றவையும் கண்ணில் படும். அப்போது எழும் முதல் கேள்வி, இந்தக் கையெழுத்து யாருடையது என்பதன்று. இந்த எண்களை எழுதிய கை யாருடையது என்பதுதான். உங்கள் மேலாளர், ‘பையன் கொடுத்த எண்களை நம்பிக் கையெழுத்திட்டேன்’ என்று சொல்ல முடியும். ‘நான் எழுதினேன், அவர் கையெழுத்திட்டார்’ என்று நீங்கள் சொல்வதற்கு ஒரு தாளாவது உங்களிடம் இருக்கிறதா? அவர் தருவதாகச் சொல்லும் பாதுகாப்பு வாய்ச்சொல்லாக மட்டுமே இருக்கிறது.

கையெழுத்து, பொறுப்பு, அதிகாரம் ஆகிய மூன்றும் ஒரே அறையில் மோதிக்கொண்ட நிகழ்வு ஒன்று எங்கள் தொழிலில் நன்கு ஆவணப்படுத்தப்பட்டிருக்கிறது. அதைச் சற்று விரிவாகச் சொல்வது உங்களுக்குப் பயன்படும். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் ஏவப்பட்ட 73 விநாடிகளில் சிதறியது. ஏழு பேரும் இறந்தார்கள். பக்கவாட்டு ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ஓ வடிவ ரப்பர் வளையம் குளிரில் இறுகி, எரிவாயுவைத் தடுக்கத் தவறியதுதான் காரணம். இது பின்னர் கண்டுபிடிக்கப்பட்ட செய்தியன்று. அந்த ராக்கெட்டைச் செய்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் பாய்ஜோலி, ஆறு மாதம் முன்பே, 1985 ஜூலை 31 அன்று, இதைச் சரிசெய்யாவிட்டால் உயிரிழப்பு நேரலாம் என்று நிறுவனத்தின் துணைத் தலைவருக்குக் குறிப்பெழுதியிருந்தார். ஏவுவதற்கு முந்தைய இரவு, யூட்டாவில் இருந்த நிறுவனத்துக்கும் நாசாவின் இரண்டு மையங்களுக்கும் இடையே தொலைபேசிக் கூட்டம் நடந்தது. ஏறக்குறைய 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஏவக் கூடாது என்பது பொறியாளர்களின் பரிந்துரை. மறுநாள் காலையில் அங்கே உறைநிலையை ஒட்டிய குளிர் இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். நாசா அதிகாரிகள் அந்தப் பரிந்துரையைக் கடிந்துகொண்டார்கள். நிறுவனம் தொலைபேசியைத் துண்டித்துவிட்டுத் தனியாகக் கலந்து பேசியது. பொறியியல் பிரிவின் துணைத் தலைவரைப் பார்த்து மூத்த அதிகாரி ஒருவர், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியைப் போட்டுக்கொள்ளும்படி சொன்னார். அரை மணி நேரத்தில் பரிந்துரை மாறிவிட்டது.

இந்தக் கூட்டத்தில் பொறியாளர்கள் தோற்றதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அது உங்கள் சைட்டிலும் இருக்கிறது. வளையம் எந்த வெப்பநிலையில் எவ்வளவு தவறும் என்பதற்கு அவர்களிடம் முழுமையான எண்கள் இல்லை. அதிகக் குளிரில் ஏவியபோது வளையத்தில் அதிகச் சேதம் தெரிந்தது என்பதும், ரப்பர் குளிரில் மெதுவாக மீள்கிறது என்பதும்தான் அவர்களிடம் இருந்தவை. வழக்கமாக, ஏவுவது பாதுகாப்பானது என்று நிரூபிக்கச் சொல்வார்கள். அன்றிரவு அது தலைகீழாகி, பாதுகாப்பற்றது என்று நிரூபிக்கச் சொல்லிக் கேட்டதாகப் பாய்ஜோலியும் மற்றவர்களும் பின்னர் சாட்சியம் சொன்னார்கள். நிரூபிக்கும் சுமையை யார் தலையில் வைப்பது என்பதில்தான் அதிகாரத்தின் வேலை மிகவும் நுட்பமாக நடக்கிறது. எவரும் மிரட்டுவதில்லை, கேள்வியை மட்டும் திருப்பிவிடுகிறார்கள். நாளை நீங்கள் வாயைத் திறந்தாலும், ‘எங்கேயாவது விரிசல் விட்டதா, எந்தத் தளம் தொங்கியது, காட்டு’ என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. சோதனை நடக்கவில்லை என்பது மட்டுமே நீங்கள் சொல்ல வேண்டியது. அது உங்களுக்கு நேரில் தெரிந்தது. கட்டடம் உறுதியானது என்று காட்டும் கடமை, உறுதியானது என்று சொல்லி வீடு விற்பவருக்கு உரியது.

இனி கையெழுத்து. அன்றிரவு ஏவுதளத்தில் தயோக்கால் நிறுவனத்தின் மூத்த பிரதிநிதியாக இருந்தவர் ஆலன் மெக்டொனால்ட். ஏவலாம் என்ற பரிந்துரையில் அவர் கையெழுத்திட வேண்டும். அவர் மறுத்துவிட்டார். உடனே யூட்டாவில் இருந்த அவருடைய மேலதிகாரி கையெழுத்திட்டுத் தொலைநகலில் அனுப்பினார். மறுநாள் காலை விண்ணோடம் கிளம்பியது. அவருடைய மறுப்பு எதையும் தடுக்கவில்லை, ஏழு உயிர்களில் ஒன்றைக்கூடக் காப்பாற்றவில்லை. இதை மறைத்து உங்களுக்கு ஊக்கம் தருவது நேர்மையாகாது. ஆனால் அதன்பின் நடந்ததும் உண்மை. விசாரணைக் குழுவின் கூட்டமொன்றில், தங்கள் நிறுவனம் முதலில் ஏவ வேண்டாம் என்றுதான் சொன்னது என்பதை, எவரும் கேட்காமலே எழுந்து சொன்னவர் அவர். தான் கையெழுத்திடாத தாள் ஒன்று இருந்ததால் அவர் சொன்னதை எவராலும் தள்ளிவிட முடியவில்லை. நிறுவனம் அவரைப் பொறுப்பிலிருந்து இறக்கியது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் தலையிட்ட பிறகு மீண்டும் பொறுப்பு கிடைத்தது. அந்த இணைப்பைத் திருத்தி அமைக்கும் பணிக்கு அவரே தலைமை தாங்கினார். 1988 செப்டம்பரில் விண்ணோடங்கள் மறுபடியும் பறந்தன. பாய்ஜோலிக்கு இப்படி அமையவில்லை. சக ஊழியர்கள் ஒதுக்கினார்கள், உடல்நலம் கெட்டு வேலையை விட்டார். அந்த இரவு எதிர்த்து வாதிட்ட இன்னொரு பொறியாளரான பாப் ஈப்லிங், தான் இன்னும் வலுவாக வாதிட்டிருக்க வேண்டும் என்ற குற்றவுணர்வோடு முப்பது ஆண்டுகள் வாழ்ந்து 2016-ல் இறந்தார். இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் வானொலியில் அவர் இதைச் சொன்னதைக் கேட்ட பலர், நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்தீர்கள் என்று அவருக்கு எழுதினார்கள். நான் அவரோடு உடன்படவில்லை, எழுதியவர்களோடுதான் உடன்படுகிறேன். அவர் அறிந்ததைச் சொன்னார், முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர்களின் காதில் அது விழும்படியும் சொன்னார். அதற்கு மேல் நடந்தது அவருடைய பொறுப்பன்று. உங்கள் கேள்விக்கு நான் வைத்திருக்கும் அளவுகோலும் இதுதான். அறிந்ததற்கும் தன் கை செய்ததற்கும் ஒருவர் முழுப் பொறுப்பு. விளைவைத் தடுப்பதற்கான பொறுப்போ, தடுக்கும் அதிகாரம் எவ்வளவு கையில் இருக்கிறதோ அவ்வளவு.

சேலஞ்சர் விஷயத்தில் ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உள்ள ஒரு பகுதியையும் சொல்ல வேண்டும். மேலதிகாரிகள் தெரிந்தே ஆபத்தை மறைத்தார்கள் என்று சிலர் வாதிடுகிறார்கள். சமூகவியலாளர் டயான் வானின் ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. வளையத்தில் முதன்முறை சேதம் தெரிந்தபோது அது விலகலாகக் கருதப்பட்டது, விபத்து எதுவும் நேராததால் அடுத்த முறை அது ஏற்கத்தக்கதாயிற்று, பிறகு அதுவே வழக்கமாயிற்று என்பது அவர் முடிவு. இரண்டு விளக்கங்களிலும் உண்மை இருப்பதாகவே நான் கருதுகிறேன். ஆனால் என் அனுபவத்தில் சைட்டுகளில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை. ஒரு நாள் சோதனை இயந்திரம் பழுதாகியிருக்கும், ஒரு நாள் கியூப் அச்சுகள் வேறு பிளாக்குக்குப் போயிருக்கும், ஒரு நாள் இரவு பத்து மணிக்குக் கான்கிரீட் முடிந்திருக்கும். அந்த நாள் விட்டுப்போனதை நிரப்பினால்தான் பில் நகரும் என்பதால் நிரப்பியிருப்பார்கள். எதுவும் இடியவில்லை. ஆறாவது மாதத்தில் கியூப் எடுப்பதே விதிவிலக்காகிவிடும். உங்கள் மேலாளரை ஒரு கொடியவராக நினைத்துக்கொண்டு அவரை அணுகாதீர்கள். அவர் இந்தப் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கி வந்தவராக இருக்கலாம். இது அவருடைய பொறுப்பைக் குறைக்காது, ஆனால் நீங்கள் அவரிடம் பேசும் முறையை மாற்றும். சேலஞ்சருக்குப் பதினேழு ஆண்டுகளுக்குப் பின், 2003-ல், அதே நாசாவில் கொலம்பியா விண்ணோடம் அழிந்து இன்னும் ஏழு பேர் இறந்தார்கள். விண்ணோடத்தின் சேதத்தைப் படம்பிடித்துப் பார்க்க வேண்டும் என்று பொறியாளர்கள் கேட்டது அப்போதும் மேலே ஏற்கப்படவில்லை. ஒரு முறை பாடம் கற்ற நிறுவனம் மறுபடியும் பழைய நிலைக்குத் திரும்பக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதிகாரத்தின் படிகளை இன்னும் தெளிவாகக் காட்டுவது வங்கதேசத்தின் ராணா பிளாசா. டாக்காவை அடுத்த சவாரில் இருந்த அந்த எட்டு மாடிக் கட்டடத்தின் மேல்தளங்கள் அனுமதியின்றிக் கட்டப்பட்டவை. 2013 ஏப்ரல் 23 அன்று தூண்களில் விரிசல் தெரிந்தது. பார்வையிட்ட பொறியாளர் கட்டடம் பாதுகாப்பானதன்று என்றார். கீழ்த்தளத்தில் இருந்த வங்கிக் கிளையும் கடைகளும் மூடப்பட்டன. மேல்தளங்களின் ஆயத்த ஆடைத் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலையில் வேலைக்கு வரச் சொன்னார்கள். வராவிட்டால் சம்பளம் பிடிக்கப்படும் என்று மிரட்டப்பட்டதாகப் பிழைத்தவர்கள் சொன்னார்கள். 24-ஆம் தேதி காலை கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். விரிசலை எல்லாரும் பார்த்தார்கள். வங்கி ஊழியர் வீட்டில் இருக்க முடிந்தது, தையல்காரப் பெண்ணால் முடியவில்லை. அறிவு இருவருக்கும் ஒன்றுதான், மறுக்கும் வலிமைதான் வேறு. அந்தப் பெண்கள் ஏன் உள்ளே போனார்கள் என்று கேட்பவர், சம்பளத்தைக் கையில் பிடித்திருந்தவரிடம் கேட்க வேண்டியதைச் சம்பளத்துக்காக நின்றவரிடம் கேட்கிறார். உங்கள் சைட்டில் கான்கிரீட் சுமக்கும் தொழிலாளியும் கியூப் எடுக்கப்படாததைப் பார்க்கிறார். அவரிடம் நான் எதுவும் எதிர்பார்க்கவில்லை. உங்களிடம் எதிர்பார்க்கிறேன், ஏனெனில் அது இல்லாததன் பொருள் உங்களுக்குத் தெரியும், பதிவேடும் உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் மேலாளரிடம் உங்களைவிடப் பல மடங்கும், திட்ட இயக்குநரிடம் அதைவிடவும் எதிர்பார்க்கிறேன். பொறுப்பு மேலே போகப் போகக் கூடுகிறது, கீழே வரும்போது குறைகிறது. பேனாவைப் பிடித்திருப்பவரிடம் அது இல்லாமல் போய்விடுவதில்லை.

சட்டத்திலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். மேலாளர் சொன்னார் என்பதற்காக ஒரு பொய்ப் பதிவைச் செய்தது, சட்டம் கட்டாயப்படுத்திய செயலாகக் கருதப்படாது. தனியார் நிறுவனத்தின் உத்தரவுக்கு அந்த மதிப்பு கிடையாது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கு, குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவு ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. யார்மேல் எந்த அளவுக்கு அது பொருந்தும் என்பது வழக்கின் விவரங்களைப் பொறுத்தது. நடுவண் அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. மேலதிகாரியின் உத்தரவு இயன்றவரை எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழியாகத் தர நேர்ந்தால் உடனே எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். பெற்றவரும் அதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். உங்களுக்கு அந்த விதி பொருந்தாது. ஆனால் அதன் அறிவு பொருந்தும். எழுத்தில் தரத் துணியாத உத்தரவைப் பெரும்பாலோர் இரண்டாவது முறை கேட்டால் விட்டுவிடுகிறார்கள்.

பேசியவரை நம் நாடு எப்படிக் காக்கிறது என்பதில் உங்களுக்குப் பொய்யான நம்பிக்கை தர மாட்டேன். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறியாளர் சத்யேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பற்றி 2002-ல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடிதம் பெயரோடு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2010-ல் மூவருக்கு ஆயுள் தண்டனை விதித்த நீதிமன்றம் அதை வழிப்பறிக் கொலையாகவே கண்டது. கடிதத்துக்கும் கொலைக்கும் உள்ள தொடர்பு நீதிமன்றத்தில் நிறுவப்படவில்லை. ஆனால் பெயரைக் காக்கும்படி கேட்டவரின் பெயர் காக்கப்படவில்லை என்பதில் ஐயமில்லை. அந்தக் கொதிப்பில்தான், உச்ச நீதிமன்றம் கேள்வி எழுப்பிய பிறகு, 2004 ஏப்ரலில் நடுவண் அரசு ஒரு தீர்மானம் வெளியிட்டு, புகார் கொடுப்பவரின் பெயரை மறைத்து விசாரிக்கும் பொறுப்பை நடுவண் கண்காணிப்பு ஆணையத்திடம் கொடுத்தது. முறைகேட்டை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் 2014-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றது. ஆனால் அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கைதான் வெளியிடப்படாமல் கிடக்கிறது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய பாதுகாப்பை இத்தனை ஆண்டுகள் தூங்கவைத்திருப்பது எனக்கு இன்றும் ஆறாத கோபத்தைத் தருகிறது. இந்த ஏற்பாடுகள் எல்லாம் அரசு, அரசு நிறுவனங்கள் பற்றியவை. தனியார் கட்டுமானத்தில் இருக்கும் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது ஒன்றே. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமாகவோ, வங்கிகளிடம் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கிய நிறுவனமாகவோ இருந்தால், 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 177-ஆவது பிரிவின்படி ஊழியர்கள் முறைகேட்டைத் தெரிவிக்க ஓர் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். கட்டுமான நிறுவனங்கள் பல இந்த வரம்புக்குள் வரும். உங்கள் நிறுவனத்தின் இணையதளத்திலும் ஆண்டறிக்கையிலும் தேடிப் பாருங்கள்.

ஆகவே உங்கள் பயம் நியாயமானது. அந்தப் பயத்தோடும் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். முதலாவது, இன்றிலிருந்து நடக்காத சோதனைக்கு ஓர் எண்ணைக்கூட எழுதாதீர்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். பிறர் செய்வதை வெளிப்படுத்துவதா என்று யோசிக்கக் காலம் எடுத்துக்கொள்ளலாம், தான் செய்வதை நிறுத்தக் காலம் தேவையில்லை. அதைப் போராட்டமாக அறிவிக்கவும் வேண்டாம். அன்றைய கான்கிரீட்டின் விவரத்தை எழுதி, கியூப் எடுக்கப்படவில்லை என்று குறித்து, இந்தத் தளத்துக்கு வேறு எந்தச் சோதனை செய்யலாம் என்று மேலாளருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். குற்றச்சாட்டு வேண்டாம், ‘போலி’, ‘மோசடி’ போன்ற சொற்களும் வேண்டாம். நல்ல மேலாளராக இருந்தால் இந்த ஒரு மின்னஞ்சலே அவருக்கும் ஒரு பிடிமானமாகும். நான் பார்த்த இடங்களில் கணிசமானவற்றில் விஷயம் இத்தோடு சரியாகியிருக்கிறது. நிறுவனத்தின் ஆவணங்களைப் படமெடுத்து வெளியே கொண்டுபோவதற்கு முன் வழக்கறிஞரிடம் கேளுங்கள். உங்கள் சொந்தக் குறிப்பேட்டில் நீங்கள் கண்டதைத் தேதியோடு எழுதிவைப்பதற்கு எவரிடமும் கேட்க வேண்டாம். பத்திரிகைக்கும் சமூக ஊடகத்துக்கும் முதல் படியாகப் போகாதீர்கள்.

மேலாளர் மறுத்தால் அடுத்துப் போக வேண்டியவர், வரைபடத்தில் பெயர் போட்டிருக்கும் கட்டமைப்பு வடிவமைப்பாளர். இளம் பொறியாளர்கள் பலர் இவரை மறந்துவிட்டு நேராக அரசு அலுவலகத்துக்கோ நிறுவனத் தலைவருக்கோ எழுதுகிறார்கள். அந்தக் கட்டடம் நிற்பதில் உங்களைவிட அதிகமாகத் தன் பெயரை வைத்திருப்பவர் அவர். கட்டடத்தைச் சோதிக்கச் சொல்லும் அதிகாரமும் அவரிடம் இருக்கிறது. எடுக்காமல் விட்ட கியூப்பை இனி எடுக்க முடியாது, ஆனால் கான்கிரீட் அங்கேயேதான் இருக்கிறது. அடித்து மீளும் அளவைக் கொண்டு வலிமையை மதிப்பிடும் ரீபவுண்ட் ஹேமரால் தளத்தைத் தட்டிப் பார்த்து ஐயமான பகுதிகளை ஒதுக்கலாம். அது தரும் வலிமை மதிப்பு 25 விழுக்காடு வரை விலகக்கூடும் என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஐயமான இடத்தில் குறைந்தது மூன்று கோர், அதாவது துளையிட்டு எடுக்கும் உருளை மாதிரி, எடுத்து உடைக்க வேண்டும். அவற்றின் சமானக் கியூப் வலிமையின் சராசரி, அந்தக் கான்கிரீட்டின் தரத்துக்கு உரிய கியூப் வலிமையில் 85 விழுக்காட்டுக்குக் குறையாமலும், எந்த ஒன்றும் 75 விழுக்காட்டுக்குக் குறையாமலும் இருந்தால் ஐ.எஸ். 456 அந்தக் கான்கிரீட்டை ஏற்கிறது. அதிலும் ஐயம் நீடித்தால், உத்தரங்களிலும் தளங்களிலும் முழு நிலைச்சுமையோடு (கட்டடத்தின் சொந்த எடை) பயன்பாட்டுச் சுமையின் (ஆள்கள், பொருள்களின் எடை) 1.25 மடங்கை ஏற்றி 24 மணி நேரம் வைத்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது. பல நேரங்களில் கோர் முடிவு நன்றாகவே வரும். அப்போது உண்மையான எண்கள் கோப்பில் இருக்கும், எல்லாரும் நிம்மதியாக வேலையைத் தொடரலாம். முடிவு மோசமாக வந்தால், ஆள் குடிபோவதற்கு முன்பே தெரிந்துவிடும். தூணுக்கு உறை போடுவதும் உத்தரத்தை வலுப்படுத்துவதும் அந்த நிலையில் செய்யக்கூடிய பணிகள். நிறுவனத்துக்கும் இதில் நன்மை உண்டு. வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் வெளிப்படும் கட்டமைப்புக் குறையைத் தன் செலவில் சரிசெய்து தரும் கடமையை 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14-ஆவது பிரிவு கட்டுநர்மேல் வைத்திருக்கிறது. மேலாளரிடமும் இந்தக் கணக்கைச் சொல்லிப் பேசுங்கள். அறத்தைச் சொன்னால் கேட்காதவர் செலவைச் சொன்னால் கேட்பதுண்டு.

கடனைப் பற்றிச் சொன்னீர்கள். குடும்பத்தைத் தெருவில் நிறுத்திவிட்டு உண்மையைச் சொல் என்று கேட்கும் உரிமை எனக்கோ வேறு எவருக்கோ இல்லை. பொய் எண்ணை எழுதுவதை நிறுத்திவிட்டு, வேறு வேலை கிடைக்கும் வரை சில வாரங்கள் வேறெதுவும் பேசாமல் இருந்தால் அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். வேறு வேலையை இன்றே தேடத் தொடங்குங்கள். ஆனால் வேலை மாறிவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் கையால் எண் எழுதப்பட்ட தளங்கள் ஏற்கெனவே வார்க்கப்பட்டுவிட்டன. அவற்றில் குடியேறப்போகிறவர்களுக்கு எந்தத் தளத்தில் எந்தச் சோதனை விட்டுப்போனது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. அது தெரிந்த சிலரில் நீங்கள் ஒருவர். போகும் நாளில், இயன்றால் அதற்கு முன்பே, கட்டமைப்பு வடிவமைப்பாளருக்கும் நிறுவனத்தின் நிர்வாகத்துக்கும் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். எந்த பிளாக், எந்தத் தளம், எந்தத் தேதியில் கான்கிரீட் இடப்பட்டது, அவற்றில் எவற்றுக்குக் கியூப் எடுக்கப்படவில்லை, பதிவேட்டில் உள்ள எந்த எண்கள் சோதனையிலிருந்து வந்தவை அல்ல, அவற்றை நிரப்பச் சொன்னது யார், நிரப்பியது யார் என்று வரிசையாக எழுதி, கோர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். நிரப்பியது யார் என்ற இடத்தில் உங்கள் பெயரையும் எழுத வேண்டியிருக்கும். அந்த ஒரு வரிக்காகவே வழக்கறிஞரிடம் கடிதத்தைக் காட்டிவிட்டு அனுப்புங்கள். அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு அனுப்பாதீர்கள், அது இல்லாத கடிதத்தை நம்புவது படிப்பவருக்குக் கடினம்.